மூன்று நாள் பாரிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிசுக்கு மூன்று, நான்கு நாள் போய்வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. சென்னையிலிருந்து விமானம் ஏறுபவர்களின் கேள்விகளும் லண்டனிலிருந்து ரயில் ஏறுபவர்களின் கேள்விகளும் கலந்தே இருக்கின்றன. அங்கே கட்டணங்கள் பெரும்பாலும் ஜனவரியில் ஏறும் என்பதால், தொகை வரும் இடங்களில் ஆண்டையும் குறித்திருக்கிறோம்.

பாரிஸுக்கு மூணு நாள் போதுமா?

ஊருக்குள் மட்டும் சுற்றுவதானால் தாராளமாகப் போதும். பாரிஸ் நகரத்தின் பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியில் கால்வாசிதான். நோத்ர தாம் தேவாலயத்திலிருந்து லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு சேன் ஆற்றங்கரையோரமாக நடந்தே இருபது நிமிடத்தில் போய்விடலாம்.

ஆனால் மூன்று நாள் என்பது மூன்று முழுப் பகலாக இருக்க வேண்டும். இரவு விமானத்தில் தூங்காமல் வந்து காலையில் இறங்கும் நாள் அரை நாள்தான். ஹோட்டல் அறையும் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு வெளியே போகலாம், பெரும்பாலான ஹோட்டல்களில் அதற்குக் காசு வாங்குவதில்லை. அந்த அரை நாளுக்கு டிக்கெட் நேரம் குறித்த எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தக் கிழமையில போறதுன்னெல்லாம் பார்க்கணுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். விமானக் கட்டணம் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது. லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். மொனேயின் அல்லிக்குள ஓவியங்கள் இருக்கும் ஒராஞ்சரிக்கும் செவ்வாய்தான் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்களன்று மூடியிருக்கும். டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று ஞாயிறு இரவு இறங்கிப் புதன் காலை கிளம்புகிறவர்கள், இருக்கும் இரண்டு நாளிலும் மூடிய கதவுகளைச் சுற்றித்தான் திட்டம் போட வேண்டியிருக்கும்.

எங்கள் சிபாரிசு: வியாழன் காலை இறங்கி, ஞாயிறு இரவு கிளம்புவது. வியாழக்கிழமைகளில் ஓர்சே இரவு 9.45 வரையும், புதன், வெள்ளிக்கிழமைகளில் லூவ்ர் இரவு 9 வரையும் திறந்திருக்கும். மாலை 5 மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் கலைந்துவிடும். வார இறுதிக் கூட்டம் வெளியில்தான் தெரியும், அதற்கு மோன்மார்த்ர் குன்றும் மரே வட்டாரமும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பாரிசின் பல பகுதிகளில் கடைகள் அடைத்திருந்தாலும் இந்த இரண்டு இடங்களிலும் திறந்திருக்கும். மே 1 அன்று மட்டும் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். அன்று ஏறக்குறைய எல்லாமே மூடல்.

எந்த மாசம் நல்லது?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர். ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து மணி நெருங்கிவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும், காலையும் எட்டரைக்கு மேல்தான் விடியும். பகல் வெளிச்சத்தில் மட்டும் ஏறக்குறைய எட்டு மணி நேர வித்தியாசம். மூன்றே நாள் போகிறவருக்கு இது ஒரு முழு நாள் கணக்கு. ஆகஸ்டில் பாரிஸ்காரர்கள் விடுமுறைக்குப் போய்விடுவதால் தெருமுனை ரொட்டிக்கடைகள் பலவும் பூட்டியிருக்கும்.

விசாவுக்கு எப்போ விண்ணப்பிக்கணும்? ஹோட்டல் முதல்லயா, விசா முதல்லயா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும். கூடுதல் விசாரணை என்றால் 45 நாள்வரை நீளலாம். பிரான்சுக்கான விண்ணப்பங்களை வி.எஃப்.எஸ் மையங்கள் வாங்குகின்றன; சென்னையிலும் உண்டு. கோடை விடுமுறைக்கு முன் நேர்காணல் நேரம் கிடைப்பதே சிரமமாகிவிடும் என்பதால் இரண்டரை, மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

ஹோட்டல் முன்பதிவை விண்ணப்பத்தோடு காட்ட வேண்டும். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். விசா வரும்வரை அந்தப் பதிவை ரத்து செய்யாதீர்கள், தூதரகம் ஹோட்டலைத் தொடர்புகொண்டு சரிபார்க்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கமும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதச் செல்லுபடியும் இருக்க வேண்டும். பாரிசோடு வேறு நாடும் போவதானால், எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்; நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு.

நான் லண்டனில இருக்கிறன், இலங்கைப் பாஸ்போட் தான். ரெயினில போனா விசா தேவையில்லை எண்டு சொல்லுறாங்களே?

தவறான தகவல். பிரிட்டனில் வசிக்கும் உரிமை இருந்தாலும் ஷெங்கன் விசா தேவை, எந்த வழியில் போனாலும் இதுதான் விதி. லண்டன் சென்ட் பங்க்ராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். விசா இல்லையென்றால் ரயில் ஏறவே முடியாது. விண்ணப்பத்தை லண்டனிலேயே கொடுக்கலாம்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 180 நாட்களில் 90 நாள்வரை விசா வேண்டாம். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் அவர்களுக்கும் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். முதல் முறை போகும்போது வரிசை நகரத் தாமதமாகும், ஆகவே நிலையத்துக்குச் சற்று முன்பாகவே போய்விடுங்கள்.

எந்த ஏரியாவுல தங்கறது?

பாரிஸ் இருபது வட்டாரங்களாகப் பிரிந்தது. ஆற்றின் நடுவிலிருந்து தொடங்கி நத்தை ஓட்டைப்போல் சுழன்று வெளியே போகும் எண்கள் அவை. முதல் ஏழுக்குள் தங்கினால் நடை குறையும், வாடகை கூடும். 9, 10, 11, 12, 13 ஆகியவை நடுத்தரச் செலவுக்கு ஏற்றவை.

வட்டார எண்ணைவிட மெட்ரோ தடத்தைப் பார்த்து அறை பிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். 1, 4, 14 ஆகிய தடங்களில் ஏதாவது ஒன்றுக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கட்டும். ஒன்று லூவ்ரையும் பஸ்தீயையும் தொடும். நான்கு கார் து நோர் ரயில் நிலையத்தையும் நோத்ர தாம் இருக்கும் ஆற்றுத் தீவையும். பதினான்கு ஓர்லி விமானநிலையம்வரை போகும். வேலைநிறுத்தம் பற்றிய கேள்வியில் இதற்கு இன்னொரு காரணமும் வரும். அறைக் கட்டணத்துக்கு மேல் தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி உண்டு. முன்பதிவுத் தளங்கள் பலவும் அதை மொத்தத்தில் சேர்ப்பதில்லை.

ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸியா, ரயிலா?

சார்ல் து கோல் விமானநிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். (ஊரையும் புறநகரையும் இணைக்கும் விரைவு ரயில்) பி தட ரயில் சுமார் 35 நிமிடத்தில் ஊர் நடுவுக்குக் கொண்டுவிடும். 2025இல் விமானநிலைய டிக்கெட் 13 யூரோ. முதல் முனையத்தில் இறங்குபவர்கள் இலவச உள்ரயிலில் மூன்றாம் முனைய நிலையத்துக்குப் போய்த்தான் ஏற வேண்டும். இரண்டாம் முனையத்தில் நிலையம் கட்டடத்திலேயே இருக்கிறது. சாதாரண மெட்ரோ டிக்கெட்டில் விமானநிலைய ரயிலில் ஏறாதீர்கள், அது அங்கே செல்லாது, பிடிபட்டால் அபராதம். ஓர்லியிலிருந்து 2024 ஜூன் முதல் 14ஆம் தடம் நேராக வருகிறது.

டாக்ஸிக்குக் கட்டணம் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டது. 2025இல் சார்ல் து கோலிலிருந்து ஆற்றின் வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65 யூரோ. பெட்டிக்குத் தனிக்காசு கிடையாது. நான்கு பேர் என்றால் ரயிலுக்கே 52 யூரோ ஆகிவிடும், அப்போது டாக்ஸிதான் சரி. வருகைக் கூடத்துக்குள் வந்து "டாக்ஸி? டாக்ஸி?" என்று கேட்பவர் யாரும் உரிமம் உள்ளவர் அல்ல. வெளியே வரிசையில் நிற்கும், கூரையில் விளக்குள்ள வண்டியில் மட்டும் ஏறுங்கள்.

மலிவு விமானம் போவே விமானநிலையத்தில் இறக்கினால் கணக்கே வேறு. அது ஊரிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

மெட்ரோ டிக்கெட் எப்படி வாங்கறது? ஜோன் கணக்கு ஒண்ணும் புரியல.

ஜோன் கணக்கை மறந்துவிடலாம். 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோ, ஆர்.இ.ஆர்., புறநகர் ரயில் மூன்றுக்கும் பாரிஸ் சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே விலை; 2025இல் அது 2.50 யூரோவாக இருந்தது. பேருந்து, டிராமுக்கு அந்த ஆண்டு 2 யூரோ. பழைய வழிகாட்டி நூல்களைப் பார்த்து வெர்சாய்க்குத் தனி டிக்கெட் தேட வேண்டாம்.

நிலைய இயந்திரத்தில் நாவிகோ ஈசி என்ற அட்டையை 2 யூரோவுக்கு வாங்கி அதில் டிக்கெட்டுகளை ஏற்றுங்கள். தலைக்கு ஓர் அட்டை வேண்டும்; ஒரே அட்டையைத் தட்டிவிட்டுப் பின்னால் வருபவரிடம் கொடுக்க முடியாது. 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஒரு ரயில் டிக்கெட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் மெட்ரோவிலிருந்து ஆர்.இ.ஆருக்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் பேருந்துக்கு மாறினால் புது டிக்கெட். நிலையத்தைவிட்டு வெளியே வந்தாலும் அந்த டிக்கெட் முடிந்தது.

வாராந்திரப் பாஸ் லாபமா?

கிழமையைப் பொறுத்தது. நாவிகோ வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை. நடப்பு வாரத்துக்கு வியாழன்வரை விற்பார்கள், வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்கு. 2025இல் விலை 31.60 யூரோ, அதோடு 5 யூரோவுக்கு நாவிகோ தேகுவேர்த் அட்டையும், 25க்கு 30 மில்லிமீட்டர் அளவில் ஒரு புகைப்படமும் வேண்டும். புகைப்படத்தை ஊரிலிருந்தே வெட்டிக் கொண்டுபோங்கள். படம் ஒட்டாத அட்டைக்குப் பரிசோதகர் அபராதம் போடுவார்.

விமானநிலையப் பயணமும் இதில் அடக்கம். போகவர 26 யூரோ அங்கேயே கழிந்துவிடுவதால், மேலே ஐந்து முறை மெட்ரோ ஏறினாலே பாஸ் லாபம். முன்பு சொன்ன வியாழன்–ஞாயிறு திட்டத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். வெள்ளி இறங்குபவருக்கும், திங்கள் திரும்புபவருக்கும் பொருந்தாது.

ஈஃபில் டவர் டிக்கெட் எப்பப் பார்த்தாலும் தீர்ந்துபோச்சுன்னு காட்டுதே, என்ன பண்றது?

லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு அதிகாரப்பூர்வத் தளத்தில் திறக்கும். உச்சித்தளத்துக்கான மாலை நேரங்கள் முதலில் போய்விடும். விசா வருவதற்குள் அந்த நாள் தாண்டிவிடும் என்பதுதான் இந்தியர்களுக்குச் சிக்கல். மாற்றுவழி படிக்கட்டு. இரண்டாம் தளம்வரை 674 படி. டிக்கெட்டை அன்றே கோபுரத்தடியில் வாங்கலாம், விலையும் குறைவு. காட்சிக்கு இரண்டாம் தளமே மேல். உச்சியிலிருந்து பார்த்தால் கட்டடங்கள் அடையாளம் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும்.

ஏறாமலே பார்ப்பதும் குறையில்லை. ட்ரோக்காடேரோ மேடையிலிருந்து காலை எட்டு மணிக்குள் பாருங்கள். இருட்டியபின் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் கோபுரம் மினுங்கும். 6ஆம் தட மெட்ரோவில் பாசியிலிருந்து பிர் ஹக்கேம் போகும்போது இடப்பக்கச் சன்னலோரம் நின்றால் ஆற்றுப் பாலத்தின்மேல் முழுக் கோபுரமும் தெரியும். கோபுரத்துக்குப் பெட்டியோடு போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள், அங்கே பெட்டி வைக்கவும் இடமில்லை.

லூவ்ர்ல மோனலிசாவை மட்டும் பார்த்துட்டு வந்துடலாமா?

வரலாம், ஆனால் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியேயிருந்து வருபவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 32 யூரோ. 77க்கு 53 சென்டிமீட்டர் படம் ஒன்றுக்காக அவ்வளவு கொடுப்பது வீண். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம்.

இரண்டரை மணி நேர வழி இது. டெனோன் பிரிவில் ஏறி, படிக்கட்டின் தலைப்பில் நிற்கும் சாமோத்ராக்கியின் வெற்றித் தேவதையைப் பாருங்கள். அங்கிருந்து இத்தாலிய ஓவியங்களின் நீண்ட கூடம். 711ஆம் அறையில் மோனலிசா. அதே அறையின் எதிர்ச்சுவரில் வெரோனேசியின் 'கானா ஊர்த் திருமணம்' இருக்கிறது, லூவ்ரின் மிகப்பெரிய ஓவியம். எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் செல்ஃபி எடுக்கிறார்கள். பிறகு கீழே இறங்கி, சூல்லி பிரிவில் மிலோவின் வீனஸ். குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் நுழைந்துவிட வேண்டும். 55 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள பையை உள்ளே ஏற்கமாட்டார்கள்.

நோத்ர தாம் திறந்துட்டாங்களா? டிக்கெட் உண்டா?

2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்துவிட்டது. நுழைவு இலவசம். விரும்பினால் ஓரிரு நாள் முன்பு இலவசமாக நேரம் பதிந்துகொள்ளலாம். பதியாமலும் வரிசையில் நிற்கலாம், அது வேகமாகவே நகரும். "நோத்ர தாம் டிக்கெட்" என்று யாராவது விற்றால் அது வேறு ஏதோ ஒன்று. அதே தீவிலுள்ள சேன்ட் சப்பல் என்ற சிற்றாலயத்துக்கு மட்டும் கட்டணமும் நேரப்பதிவும் வேண்டும். அது நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பாதுகாப்புச் சோதனை கடுமை. சமையலறைக் கத்தி, கத்தரிக்கோல் எதுவும் பையில் வேண்டாம். கண்ணாடிச் சன்னல்களுக்காக வெயில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

நவீனக் கலை அருங்காட்சியகமான பொம்பிதூ மையம் புதுப்பிப்புக்காக 2025இல் மூடப்பட்டது, 2030இல்தான் திறப்பதாகத் திட்டம். அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

நாங்க சைவம். பட்டினியா கிடக்கணுமா?

வேண்டாம், ஆனால் எச்சரிக்கை வேண்டும். வெங்காய சூப் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்வது. கீஷ் லொரேன் என்ற முட்டைப் பலகாரத்தில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். சாலட்டில் "லார்தோன்" என்று போட்டிருந்தாலும் அதுதான். "சான் வியான்ட், சான் புவாசோன்" என்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல். முட்டையும் வேண்டாமென்றால் "சான் ஏஃப்" என்று தனியாகச் சொல்ல வேண்டும், அவர்கள் கணக்கில் முட்டை சைவமே.

நம்பிக்கையாகச் சாப்பிட: ரொட்டிக்கடையின் பகெத், பக்வீட் என்ற தானிய மாவில் சுட்ட, சீஸ் வைத்த தோசைபோன்ற கலெத், மரே வட்டாரத்து ரோசியே தெருவின் ஃபலாஃபல். ரோசியே தெருவின் யூதக் கடைகள் பல வெள்ளி மாலையிலிருந்து சனி முழுக்க அடைத்திருக்கும். சமையலறைகள் மதியம் 12 முதல் 2 வரையும், இரவு 7 மணிக்கு மேலும்தான் இயங்கும். மூன்றரைக்குப் பசித்தால் ரொட்டிக்கடைதான் கதி. "உய்ன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும். விலைப்பட்டியலிலேயே சேவைக் கட்டணம் சேர்ந்திருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. கடைக்குள் நுழைந்ததும் "போன்ஷூர்" சொல்லாமல் மட்டும் எதையும் கேட்காதீர்கள்.

லாச்சப்பல்ல இட்லி தோசை கிடைக்குமாமே?

கிடைக்கும். 1980களிலிருந்து வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைவீதி அது. கார் து நோர் நிலையத்திலிருந்து ஐந்தாறு நிமிட நடை. மெட்ரோவில் 2ஆம் தடத்தின் லா சப்பல் நிறுத்தம். ஃபோபூர் சான் தெனி தெருவின் மேற்பகுதி, கைல் தெரு, பெர்தோனே தெரு ஆகியவற்றில் தோசை, இடியப்பம், கொத்து ரொட்டி எல்லாம் உண்டு. பாரிஸ் விலைக்கு மிக மலிவு. பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்து ஞாயிறு ஒன்றில் அதன் தேர் வீதியுலா வரும். பிரெஞ்சுக்காரர்களும் கூட்டமாக வந்து பார்க்கிறார்கள். மூன்று நாளும் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் பாரிஸ் சாப்பாடு சரியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. மெட்ரோ படிக்கட்டு ஏற முடியாது.

மெட்ரோவை நம்பாதீர்கள். முழுக்க லிஃப்ட் வசதியுள்ள தடம் 14 மட்டுமே. தடம் மாறும் பெரிய நிலையங்களில் சுரங்கப்பாதையிலேயே கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். பேருந்துகள் தாழ்தளம், எல்லாவற்றிலும் ஏறுவது எளிது. 69ஆம் எண் பேருந்து ஈஃபில் பக்கத்திலிருந்து ஓர்சே, லூவ்ர், பஸ்தீய் வழியாகப் போகும். ஒரே பேருந்து டிக்கெட்டில் உட்கார்ந்தபடி ஊர் பார்க்கலாம். சாக்ரே கேர் தேவாலயத்துக்குப் படியேறாமல் இழுவை ரயில் இருக்கிறது. சேன் நதிப் படகுச் சவாரி ஒரு மணி நேரம். மாலையில் அதற்கு இணையில்லை. ஆர்க் த த்ரியோம்ஃப் என்ற வெற்றி வளைவில் 284 படி, அதைக் கீழேயிருந்து பார்த்தால் போதும்.

பிக்பாக்கெட் ரொம்பவா?

ஆம், ஆனால் இடமும் முறையும் தெரிந்தவை. மெட்ரோ கதவு மூடும் நொடியில் வாசலோரம் இருப்பவரின் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கதவருகே கைபேசியை எடுக்காதீர்கள். லூவ்ர், ஈஃபில் பக்கம் காகிதப் பலகையுடன் கையெழுத்துக் கேட்பவர்கள், தரையில் "தங்க மோதிரம்" கண்டெடுப்பவர்கள், சாக்ரே கேர் படியடியில் மணிக்கட்டில் நூல் கட்ட வருபவர்கள், மூன்று கிண்ண விளையாட்டு எல்லாம் ஒரே வகை. நிற்காமல் நடப்பதுதான் பதில். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு நகலோடு சுற்றுங்கள். அவசர எண் 112.

யு.பி.ஐ. வேலை செய்யுமாமே?

ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்தும், ஹௌஸ்மன் சாலை கலேரி லாஃபயேத் கடையில் அதே ஆண்டு ஜூலையிலிருந்தும் உண்டு. அதை மட்டும் நம்பிப் போக முடியாது. வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கப்பட்ட அட்டை இரண்டு, கையில் 100 யூரோ சில்லறை நோட்டுகள் போதும். இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோ. ரூபாயை அழுத்தினால் மாற்றுவிகிதத்தில் நஷ்டம்.

மூணாவது நாள் வெர்சாய் போகலாமா?

லூவ்ரும் ஓர்சேயும் முடிந்திருந்தால் போகலாம். ஆர்.இ.ஆர். சி தடத்தில் வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ் என்று பலகையில் போட்ட ரயிலாகப் பாருங்கள். அதே தடத்தின் வேறு ரயில்கள் வேறு ஊருக்குப் போகும். அங்கிருந்து பத்து நிமிட நடை. காலை முதல் நேரத்துக்கு அரண்மனை டிக்கெட்டைப் பதிந்து, மதியம் தோட்டம். அன்று மாலை விமானம் என்றால் வேண்டாம்.

அங்க போய் இறங்கின அன்னைக்கு ஸ்ட்ரைக் வந்தா?

பிரான்சில் போக்குவரத்து வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும், முந்தைய நாளே எந்தத் தடம் எவ்வளவு ஓடும் என்று தெரிந்துவிடும். 1, 4, 14 ஆகிய மூன்றும் ஓட்டுநர் இல்லாத தானியங்கி ரயில்கள் என்பதால் அன்றும் ஓடும். தங்குமிடம் பற்றிய கேள்வியில் இந்த மூன்று தடத்தைச் சொன்னதற்கு இதுவும் காரணம். அடிபடுவது ஆர்.இ.ஆர். பிதான், விமானநிலையத்துக்கு டாக்ஸிக் காசை ஒதுக்கி வையுங்கள். அருங்காட்சியக ஊழியர்களும் சில நாள் வேலைநிறுத்தம் செய்வார்கள். லூவ்ருக்கு முதல் முழு நாளிலேயே பதிந்திருந்தால், மூடினாலும் மாற்றுநாள் தேட இடமிருக்கும்.

வரி திரும்பக் கிடைக்கும்னு சொன்னாங்க, ஆனா போன தடவை வரலையே?

பெரும்பாலும் முத்திரை வாங்காததுதான் காரணம். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி, வரித்திரும்பல் படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும். பிறகு கேட்டால் தரமாட்டார்கள். விமானநிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பு பாப்லோ என்ற இயந்திரத்தில் படிவத்தின் பட்டைக்கோட்டைக் காட்டுங்கள். பச்சைத் திரை வந்தால் முடிந்தது. சிவப்பு வந்தால் பக்கத்துச் சுங்க மேசைக்குப் பொருளோடு போக வேண்டும். லண்டன் திரும்புபவர்களுக்குக் கார் து நோர் நிலையத்திலும் இந்த இயந்திரம் உண்டு.

சிக்கல் வருவது இடையில் ஃபிராங்க்ஃபர்ட்டிலோ ஆம்ஸ்டர்டாமிலோ விமானம் மாறும்போது. முத்திரை, ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் கடைசி விமானநிலையத்தில்தான் வாங்க வேண்டும், பாப்லோவோ பிரான்சில் மட்டுமே இருக்கிறது. அப்படிப்பட்ட டிக்கெட்டானால் வாங்கிய பொருளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மாறும் ஊரின் சுங்கத்தில் கைமுத்திரை வாங்குங்கள். அதற்குக் குறைந்தது இரண்டரை மணி இடைவெளி உள்ள விமானமாகப் பார்த்துப் பதியுங்கள். துபாய், தோஹா வழியென்றால் பாரிசிலேயே எல்லாம் முடிந்துவிடும்.